விழாவும் நிலமும்: நேபாள மலைக்கிராமப் பொதுவாழ்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

பல இனத்தவர் கூடிவாழும் நாடொன்றின் பண்பாட்டை விளக்க முற்படுவோர் முதலில் அந்நாட்டின் விழாக்களையே எடுத்துக்காட்டுவர். வேறு மொழி பேசுவோரும் வேறு தெய்வங்களை வணங்குவோரும் ஒரே முற்றத்திற் கூடிநிற்கும் காட்சி, அவர்களிடையே ஒற்றுமை நிலவுவதற்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படுகின்றது. நேபாளம் பற்றிய எழுத்துகளில் இப்போக்கு மிகத் தெளிவாகத் தெரிகின்றது. 2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 142 சாதி, இனக் குழுக்களும் 124 தாய்மொழிகளும் பதிவாகிய நாடு அது. சுற்றுலா ஏடுகள் தொடக்கம் அரச வெளியீடுகள் வரை அந்நாட்டின் மலைக்கிராமத்தை நல்லிணக்கத்தின் உறைவிடமாகவே வருணித்து வந்துள்ளன. இதற்கு நேரெதிரான கருத்தும் கடந்த சில தசாப்தங்களில் வலுப்பெற்றுள்ளது. பொதுவிழா எனப்படுவது மேலாண்மை செலுத்துவோர் ஏனையோர் மீது சுமத்திய தளையே என்பது அக்கருத்தின் சாரம்.

இவ்விரு கருத்துகளுள் எதனையும் முழுமையாக ஏற்பதற்கில்லை என்பதே எமது நிலைப்பாடு. விழா நடைபெறும் நிலம் யாருடையது, அதற்கு வேண்டிய உழைப்பையும் பொருளையும் யார் தருகின்றனர், யார் பெறுகின்றனர் என்னும் வினாக்களை எழுப்பாது விழாவின் பொருளை உணர்தல் இயலாது. இவற்றோடு இன்னொரு வினாவும் சேர்த்துக் கேட்கப்படல் வேண்டும். விழாவிற் பங்குகொள்ளாதிருக்க விரும்புபவர் எதனை இழக்கின்றார்? ஒரு விழா உண்மையிற் பொதுவிழாதானா என்பதை அளந்தறிய இதனினும் சிறந்த அளவுகோல் இல்லையென நாம் கருதுகின்றோம். கிழக்கு நேபாளத்தின் மலைக்கிராமங்களைச் சிறப்பாக மனங்கொண்டு இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முனைகின்றது.

2

கிழக்கு மலைப்பகுதிக் கிராமத்தில் வீடுகள் ஓரிடத்தில் நெருங்கி அமைவதில்லை. அவை மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கும். ஆற்றையண்டிய தாழ்நிலங்களில் நீர்பாய்ச்சி நெல் விளைவிக்கும் வயல்கள் உள்ளன. அவற்றுக்கு மேலே மழையை நம்பிச் சோளமும் குரக்கனும் பயிரிடப்படும் மேட்டுநிலங்கள் படிப்படியாக ஏறிச்செல்லும். லிம்பு, றாய் ஆகிய கிராத மக்கள் இப்பகுதியின் தொன்மைக் குடிகள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோர்க்கா அரசு இப்பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டபின், மேற்கிலிருந்து பிராமணரும் செத்திரிகளும் பெருந்தொகையாக வந்து குடியேறினர். கொல்லுத்தொழில் புரியும் காமிகள், தையலும் இசையும் தொழிலாகக் கொண்ட தமாய்கள், தோல்வினைஞரான சார்க்கிகள் ஆகியோரும் அவர்களுடன் வந்தனர். சந்தைகூடும் இடங்களில் நேவார் வணிகர் கடை வைத்தனர். தமாங், மகர், குருங் குடிகளும் ஆங்காங்கே உள. உயர்மலைப் புறங்களில் ஷெர்ப்பாக்கள் வாழ்கின்றனர். எல்லாக் கிராமங்களிலும் இவர்கள் அனைவரும் இருப்பர் என்பதற்கில்லை. ஆயினும் ஒரே குழுவினர் மட்டும் வாழும் கிராமம் அருமையே.

இத்தகைய கிராமத்தை ஆராய்ந்தோர் அதனை ஒரு முழுமையாக நோக்கினரா? 1951இல் றாணா ஆட்சி வீழ்ந்தபின்னரே நேபாளத்தின் கதவுகள் வெளியுலக ஆய்வாளருக்குத் திறந்தன. அடுத்த 15 ஆண்டுகளில் முக்கியமான நூல்கள் சில வெளிவந்தன. ஷெர்ப்பாக்கள் பற்றிய ஃபியூறர்-ஹைமென்டோர்ஃபின் நூல் 1964இலும், குருங் மக்கள் பற்றிய பேர்னார்ட் பினியேடின் நூலும் மகர் மக்கள் பற்றிய ஜோன் ஹிச்கொக்கின் நூலும் 1966இலும் வெளியாயின. நேபாள அறிஞரான டோர் பகதூர் பிஸ்டா 1967இல் எழுதிய 'நேபாள மக்கள்' என்னும் நூலும் குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தே விளக்கிச் செல்கின்றது. இவற்றின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் ஓரினக்குழுவுக்கு ஒரு நூல், அன்றேல் ஓர் அத்தியாயம் என்னும் அமைப்புமுறை, குழுக்களுக்கிடையே நிகழ்பவற்றை விளிம்புக்குத் தள்ளிவிடுகின்றது. லிம்புவின் வயல் பிராமணரின் கைக்கு எவ்வாறு மாறியது என்பது எந்த அத்தியாயத்திற் சொல்லப்படவேண்டியது? தமாய் இசைக்கும் மங்கல இசை யாருடைய பண்பாட்டின் கூறு? ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே வருணிக்கும் நூல்களில் இவ்வினாக்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

1966இல் ஃபியூறர்-ஹைமென்டோர்ஃப் பதிப்பித்த, நேபாளம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிற் சாதியும் உறவுமுறையும் பற்றிய தொகுப்பு, இந்து பௌத்த மரபுகள் சந்திக்கும் எல்லைகளைக் கவனத்துக்குக் கொணர்ந்தது. எமது நாடும் நேபாளமும் ஒரே நூற்றலைப்பில் இடம்பெற்ற அத்தொகுப்பு இத்துறையில் ஒரு முன்னேற்றமே. எனினும் எமது பொருளுக்கு மிக இன்றியமையாத நூல் லயனல் கப்லன் 1970இல் வெளியிட்ட 'கிழக்கு நேபாளத்தில் நிலமும் சமூக மாற்றமும்' என்பதாகும். இலாம் மாவட்டத்திலே 1960களின் நடுப்பகுதியில் தாம் நடத்திய களஆய்வை அடிப்படையாகக் கொண்டு, லிம்புகளுக்கும் பிராமணருக்கும் இடையிலான உறவினை அவர் ஆராய்ந்தார். இரு குழுக்களையும் ஒரே சட்டகத்துள் வைத்ததும், அவ்வுறவின் அடித்தளமாக நிலத்தைக் கண்டதும் அவரது சிறப்பு. அவர் நிலத்தைப் பற்றிக் கூறியவற்றைத் துணைக்கொண்டு விழாவை மீள நோக்குவதே எமது முயற்சி.

3

நல்லிணக்கக் கருத்தின் ஊற்றினை அறிய நாம் அரசின் வரலாற்றுக்குச் செல்லவேண்டும். கோர்க்கா அரசனான பிருதிவி நாராயண ஷா 1768–69 காலப்பகுதியிற் காத்மண்டுப் பள்ளத்தாக்கினைக் கைப்பற்றி, 1774இல் லிம்பு நாட்டினைத் தன் ஆட்சிக்குட்படுத்தினான். அவனுடைய அறிவுரைகளாகத் தொகுக்கப்பட்ட நூலில், தன் அரசு எல்லாச் சாதியாருக்கும் உரிய பூந்தோட்டம் என அவன் கூறியதாகக் காணப்படுகின்றது. இவ்வுருவகம் பிற்காலத் தேசியவாதிகளின் கையில் நேபாள ஒருமைப்பாட்டின் தாரகமந்திரமாயிற்று. பூந்தோட்டத்துக்கு ஒரு தோட்டக்காரன் உண்டென்பதையும், எந்தப் பூ எங்கே நிற்கவேண்டுமென அவனே தீர்மானிக்கின்றான் என்பதையும் இவ்வுருவகத்தைப் போற்றியோர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

அத்தோட்டத்தின் வரைபடம் 1854இல் எழுத்துவடிவம் பெற்றது. ஜங் பகதூர் றாணாவின் ஆட்சியில் இயற்றப்பட்ட 'முலுக்கி ஐன்' என்னும் சட்டக்கோவை நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே படிநிலையில் வகைப்படுத்தியது. அன்ட்ராஸ் ஹோஃபர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இச்சட்டத்தின் உள்ளமைப்பினைத் தெளிவாக்குகின்றது. முதலிற் பூணூல் தரிப்போர், அடுத்து மதுவருந்துவோராயினும் அடிமையாக்கப்பட முடியாதோர், மூன்றாவதாக மதுவருந்துவோரும் அடிமையாக்கப்படக் கூடியோரும், அவர்களுக்குக் கீழே நீர் பெறத்தகாதோர், இறுதியிலே தீண்டத்தகாதோர். வருணப் பாகுபாட்டை அறியாத இமாலய மக்கள், தாம் குரக்கனிலிருந்து வடித்தருந்திய மதுவின் பெயரால் ஒரு சட்டப்பிரிவுக்குள் அடக்கப்பட்டனர். ஒரு வீட்டின் அன்றாட உணவுப் பழக்கம் அவ்வீட்டாரை அடிமையாக விற்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. நேபாளத்தில் அடிமைமுறை 1920களின் நடுப்பகுதியிலேயே ஒழிக்கப்பட்டது. சாதிப்படிநிலை 1963இற் புதிய முலுக்கி ஐன் நடைமுறைக்கு வந்தபோதே சட்டத்திலிருந்து நீங்கியது. பல்வேறு பண்பாடுகள் அங்கீகரிக்கப்பட்டன என்பது உண்மை. ஆயின் அவ்வங்கீகாரம் ஏற்றத்தாழ்வின் மொழியிலே வழங்கப்பட்டது என்பதே மனங்கொள்ளத்தக்கது.

4

நாம் நவராத்திரி என அறிந்த காலத்திலேயே நேபாளியர் தசைன் கொண்டாடுகின்றனர். முதல்நாளிற் கும்பம் வைத்து, அதனருகே இருளிலே வாற்கோதுமை விதைத்து முளைக்கவிடுவர். ஏழாம் நாளிற் பூவும் இலையும் ஊர்வலமாகக் கொணரப்படும். எட்டாம், ஒன்பதாம் நாட்களில் ஆடுகளும் எருமைகளும் பலியிடப்படும். விசயதசமியன்று அரிசியும் தயிரும் செந்தூரமும் குழைத்த 'டீக்கா' என்னும் திலகத்தை மூத்தோர் இளையோரின் நெற்றியில் இட்டு, வாற்கோதுமை நாற்றினைச் சூட்டி வாழ்த்துவர். வெளியூர் சென்றோர் வீடு திரும்புவர். மணமாகிச் சென்ற பெண்கள் பிறந்தகம் வருவர். மூங்கில் நட்டு உயர்ந்த ஊஞ்சல் கட்டப்படும். அக்காலத்தில் ஒருதடவையாவது கால் நிலத்தைவிட்டு உயரவேண்டும் என்பது நம்பிக்கை.

இது குடும்ப விழா மட்டுமன்று. கோர்க்காவிலிருந்து காத்மண்டு அரண்மனைக்கு ஏழாம் நாளின் பூக்கள் எடுத்துவரப்படுவதும், மாவட்டக் கோட்டைகளில் ஆயுதங்கள் வழிபடப்பட்டு அரச செலவிற் பலியிடப்படுவதும், அரசன் தன் குடிகளுக்கு டீக்கா இடுவதும் இவ்விழா அரசின் விழாவாகவும் இருந்தமையைப் புலப்படுத்துகின்றன. தேவி மகிடாசுரனை வென்ற கதை அரசனின் வெற்றிக் கதையாகவும் பொருள்கொள்ளப்பட்டது. றாணாக்களின் காலத்தில் அரசனுக்கும் குடிகளுக்குமிடையே நிகழ்ந்தது, கிராம மட்டத்தில் ஊர்த்தலைவனுக்கும் பயிர்செய்வோருக்கும் இடையே சிறு அளவில் மீளவும் நிகழ்ந்தது. குடிகள் தயிரும் பழமும் இறைச்சியும் கொண்டு தலைவன் வீடு சென்று டீக்கா பெற்றனர். தயிர்கொண்டு செல்லும் மரப்பாத்திரத்துக்குரிய 'தேக்கி' என்னும் பெயரே இக்காணிக்கைக்கும் பெயராயிற்று. இக்காணிக்கையும் கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பும் இணைபிரியாதவை. மகேஷ் சந்திர றெக்மி தமது வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து வெளியிட்ட நிலவுரிமை வரலாற்று நூல்கள், அரசின் ஆடம்பரம் யாருடைய உழைப்பால் இயன்றது என்பதை ஆவணங்களின் வழியே நிறுவுகின்றன. இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது, நெற்றியில் இடப்படும் திலகம் வாழ்த்தாக அமைவதோடு, யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்பதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முத்திரையாகவும் அமைகின்றது.

இவ்விடத்திற் கப்லனின் ஆய்வு பெரிதும் துணைபுரிகின்றது. 1774இல் லிம்பு நாடு இணைக்கப்பட்டபோது, 'கிபட்' எனப்படும் குலவழி நிலவுரிமை லிம்புகளுக்கே உரியதென அரசு உறுதியளித்தது. கிபட் நிலத்தைப் பிறருக்கு நிரந்தரமாக விற்க முடியாது. ஆயின் அடைமானம் வைக்கலாம். கடன் திருப்பிக் கொடுக்கப்படும்வரை கடன் கொடுத்தவரே நிலத்தைப் பயிரிட்டுப் பயன்கொள்வார். இவ்வழியாற் பரம்பரை லிம்பு நிலத்தின் பெரும்பகுதி குடியேறிய பிராமணரின் கைக்கு மாறியது. உணவுப் பற்றாக்குறையோடு திருமணம், இறப்புச் சடங்கு, விழா ஆகியவற்றின் செலவும் கடனுக்குக் காரணமாயிற்று. தசைன் என்ற சொல்லைக் கெட்டகாலத்தைக் குறிக்கும் 'தசா' என்ற சொல்லோடு இணைத்து நேபாளியர் சிலேடையாகப் பேசுவர். 'தசை' என நாம் கூறும் அதே சொல்லே அது. விழாவுக்கெனக் கடன் வாங்கிய ஏழை விவசாயியின் அனுபவமே அச்சிலேடையாக உருப்பெற்றது.

எனினும் இதனைப் பிராமணர் கொடுமை, லிம்பு துயரம் என்று இருகூறாக மட்டும் பிரித்துவிட முடியாது. 'சுப்பா' எனப்பட்ட லிம்புத் தலைவர்கள் அரசின் வரி அறவிடும் முகவர்களாகவும் விளங்கினர். தமது கிபட் நிலத்திற் குடியேறிய பிராமணரிடமிருந்தும் வரியும் உழைப்பும் விழாக்காலக் காணிக்கையும் பெற்றனர். லிம்புத் தலைவனுக்குத் தசைன் தனது தலைமையை நிலைநாட்டும் வாய்ப்பாகவும் இருந்தது. நிலம் கைமாறி, 1960களில் நிலச்சீர்திருத்தச் சட்டங்களாற் கிபட் முறை முடிவுக்கு வந்தபோது, அத்தலைமையின் பொருளியல் அடித்தளமும் தகர்ந்தது. விழாவின் வடிவம் அப்படியே நிற்க, அதனுள்ளே அதிகாரம் இடம்மாறியது.

இவ்விரு சாராருக்கும் புறத்தே நின்றவர் தமாய். விழாவுக்கு முந்திய வாரங்களில் ஊரார் அனைவருக்கும் புத்தாடை தைப்பவர் அவர். தசைனுக்கேயுரிய 'மால்சிறி' இசையைத் தமது குழலாலும் முரசாலும் எழுப்பி விழாவை ஊருக்கு அறிவிப்பவரும் அவரே. அவருடைய இசையின்றிப் பூசை சிறப்பதில்லை. ஆயினும் பூசை நடைபெறும் மனைக்குள் அவர் காலடி வைத்தல் தகாது. தைத்ததற்கும் இசைத்ததற்கும் அவர் பெற்றது அறுவடைக் காலத்தில் அளந்துகொடுக்கப்பட்ட தானியம். அத்தானியம் உரிமையாகவும் கருதப்பட்டது, கருணையாகவும் கருதப்பட்டது. கூலி எவ்வளவு என்பதை உழைப்பவர் தீர்மானிக்க முடியாத இடத்தில் உரிமைக்கும் கருணைக்கும் இடையே எல்லைக்கோடு மங்கலாகவே இருக்கும். தீண்டாமையைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் 2011இல் நிறைவேற்றப்பட்டபோதும், முற்றத்துக்கும் வீட்டின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தூரம் பல கிராமங்களில் இன்னும் கடக்கப்படவில்லை. பூந்தோட்டக் கருத்தினர் தமாயின் இசையைக் கேட்டனர். அவர் நின்ற இடத்தைக் காணவில்லை.

5

இவ்வளவும் கூறியபின், கிராமத்தின் பொதுவாழ்வு முழுவதும் மேலாண்மையின் வஞ்சனையே என முடிவுசெய்வது எளிது. அம்முடிவும் உண்மைக்கு மாறானது. மலைக்கிராமத்தில் வேறுவகையான கூட்டுறவுகளும் உள. அவற்றின் அமைப்பு வேறு. ஆதலின் அவற்றின் பொருளும் வேறு.

முதலாவது, 'பர்ம' எனப்படும் உழைப்பு மாற்றுமுறை. ஆனி மாதத்தில் நாற்றுநடுகைக்கு ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரின் வயலில் ஒருநாள் உழைத்தால், அவ்வீட்டாரும் ஒருநாள் உழைத்துத் தரவேண்டும். இங்கே நாளுக்கு நாள் சமன். நடுகைக் காலத்திற் பாடப்படும் பாடல்களும், அவர்களுடைய ஆஷாட மாதத்தின் 15ஆம் நாளில் தயிரும் அவலும் உண்டு மகிழும் வழக்கமும் இவ்வுழைப்பின் மடியிற் பிறந்த விழாக்கள். நிலமற்றவருக்கு இச்சமன்பாட்டில் இடமில்லை என்பது இதன் எல்லை. எனினும் நிலமுடைய சிறு விவசாயிகளுக்கிடையே இது இன எல்லையைக் கடந்து இயங்கியது.

இரண்டாவது, 'மித்' எனப்படும் சடங்குவழி நட்பு. வேறு சாதியை அல்லது வேறு இனத்தைச் சேர்ந்த இருவர் சடங்கு செய்து உடன்பிறந்தார் ஆகின்றனர். ஒருவர் இறந்தால் மற்றவர் துக்கம் காக்கின்றார். அவர்களின் குடும்பங்களுக்கிடையே மணவுறவு விலக்கப்படுகின்றது. பிறப்பு விதித்த வேலியைத் தாண்டுவதற்குக் கிராம மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட வாயில் இது. வணிகத் தேவையும் வழித்துணைத் தேவையும் இதற்குக் காரணமாயிருக்கலாம். அதனால் இதன் மனிதப் பெறுமதி குறைந்துவிடாது.

மூன்றாவது, தீபாவளியையொட்டி வரும் திகார் விழாவின் பாடல்மரபு. ஐந்து நாட்களில் காகம், நாய், பசு, எருது ஆகியன போற்றப்பட்டு, இறுதிநாளிற் சகோதரிகள் சகோதரர்க்குத் திலகமிடுவர். இலக்குமி பூசை இரவிற் பெண்கள் 'பைலோ'வும், மறுநாள் ஆண்கள் 'தேஉசி'யும் பாடி வீடுவீடாகச் செல்வர். தாம் தாமாக வரவில்லை, பலி மன்னனே தம்மை அனுப்பினான் என்பது பாடுவோரின் மரபான கூற்று. தசைனில் அசுரனை வென்ற தேவியின் பெயரால் அரசன் வணங்கப்படுகின்றான்; திகாரிலோ பாதாளத்துக்குத் தள்ளப்பட்ட அசுர மன்னனின் பெயரால் ஊர் இளைஞர் செல்வர் வாயிலில் நின்று தமது பங்கினைக் கேட்கின்றனர். தசைனிற் காணிக்கை கீழிருந்து மேலே செல்ல, திகாரிற் கொடை மேலிருந்து கீழே வருகின்றது. இடதுசாரிக் கலைக்குழுக்கள் தமது கருத்துகளைப் பரப்பத் தேஉசி வடிவத்தை எடுத்தாண்டமை தற்செயலன்று. கேட்கும் உரிமை அவ்வடிவத்திலேயே பொதிந்துள்ளது.

நான்காவதாக, ஒரே நாளை வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு பொருளிற் கொண்டாடும் வழக்கினைச் சுட்டலாம். ஆவணிப் பௌர்ணமியிற் பிராமணரும் செத்திரிகளும் பூணூல் மாற்றுகின்றனர். அதேநாளில் தமாங் பூசாரிகள் முரசறைந்தவாறு கோசாய்ன்குண்டம் முதலிய மலைச்சுனைகளுக்கு யாத்திரை செல்கின்றனர். நேவார் வீடுகளிற் பலவகைப் பயறுகளை முளைக்கவைத்து ஆக்கிய கறி உண்ணப்படுகின்றது. நாள் ஒன்று, பொருள் மூன்று. எவரும் மற்றவரின் பொருளை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. கூடிவாழ்தல் என்பதற்கு ஒரே சடங்கினை எல்லாரும் செய்தல் இன்றியமையாததன்று என்பதைக் கிராமம் எப்போதோ கண்டுகொண்டது.

இப்பொதுவாழ்வின் சாரத்தை நேபாள இலக்கியத்திலே மிகச் சிறப்பாக வெளிக்கொணர்ந்தவர் லட்சுமி பிரசாத் தேவகோட்டா (1909–1959). 1936இல் வெளிவந்த அவரது 'முனா மதன்' காவியத்தில், பொருள் தேடி லாசா சென்று திரும்பும் செத்திரி இளைஞனான மதன் வழியில் நோயுறுகின்றான். உடன்வந்தோர் கைவிட்டுச் செல்ல, ஒரு போட்டியா அவனை எடுத்துச்சென்று காப்பாற்றுகின்றான். மனிதன் உயர்வது நெஞ்சினாலேயன்றிச் சாதியாலன்று என்ற உணர்வு மதனுக்கு அங்கே பிறக்கின்றது. 1854ஆம் ஆண்டுச் சட்டம் போட்டியாவை அடிமையாக்கப்படக் கூடியோர் வரிசையில் வைத்திருந்தது என்பதை அறிந்தவர்க்கே இக்காட்சியின் துணிவு முழுமையாகப் புலனாகும். கற்றோர் இழிவாகக் கருதிய 'ஜ்யாஉரே' என்னும் நாட்டார் இசையமைப்பினையே தேவகோட்டா காவியத்துக்கு வடிவமாகக் கொண்டார். உள்ளடக்கமும் உருவமும் ஒருங்கே மக்கள் வாழ்விலிருந்து பெறப்பட்டமையே அந்நூலின் வெற்றிக்கு அடிப்படை.

6

1960களின் தொடக்கம் முதல் 1990 வரை நிலவிய பஞ்சாயத்து ஆட்சி, ஒரே மொழி, ஒரே உடை, ஒரே மன்னன் என்னும் வாய்பாட்டினாலே தேசியத்தை வளர்க்க முற்பட்டது. அவ்வாட்சி வீழ்ந்தபின் எழுந்த 1990ஆம் ஆண்டு அரசியலமைப்பு நேபாளத்தைப் பல்லின, பன்மொழி நாடாக ஏற்றது. ஆயினும் இந்து முடியரசு என்னும் அடையாளத்தையும் பேணிக்கொண்டது. இம்முரண்பாட்டின் நடுவிலேயே, மலைவாழ் இனக்குழுக்களின் இயக்கங்கள் தசைனைப் புறக்கணிக்குமாறு மக்களைக் கோரின. செந்தூர டீக்கா தம் முன்னோரின் குருதி என்றும், கொல்லப்பட்ட அசுரன் தம் மூதாதையே என்றும் இயக்கத்தார் கூறினர். கொண்டாட மறுத்தோர் முற்காலத்திலே தண்டிக்கப்பட்டனர் என்றும், வாயிற்சுவரிற் பதித்த பலிக்குருதிக் கைச்சுவடு அரச அலுவலருக்குக் காட்டிய சான்றே என்றும் வாய்மொழிக் கதைகள் பேசப்பட்டன. சிலர் டீக்காவை அறவே விலக்கினர். சிலர் செந்தூரம் கலவாத வெண்ணிற டீக்கா இட்டுக்கொண்டனர். சூசன் ஹாங்கன் 2005இல் எழுதிய கட்டுரை இப்புறக்கணிப்பினை நினைவுக்கும் அரசியலுக்கும் இடையிலான உறவாக நோக்குகின்றது.

அசுரனை மூதாதையாகக் கொள்ளுதல் வரலாற்று முறையியலுக்குப் பொருந்துமா என வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே, எனினும் அது புறக்கணிப்பின் மையத்தைத் தொடவில்லை. 'இதில் நாங்கள் இல்லை' என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டா என்பதையே அம்மக்கள் சோதித்துப் பார்த்தனர். ஊரவர் பகையும் உறவினர் வருத்தமும் அவர்களை எதிர்கொண்டன. தலைமுறைகளாகப் பழகிய மூத்தோரின் வாழ்த்தினை விடுவது எளிதாயிருக்கவில்லை. வெண்ணிற டீக்கா இச்சிக்கலுக்கு மக்கள் கண்ட விடை. தாயும் தந்தையும் தரும் வாழ்த்தினை அவர்கள் வைத்துக்கொண்டனர். அரசின் முத்திரையைக் களைந்தனர். விழாவினுள் இரு படைகள் உள்ளன என நாம் மேலே காட்டியதை, எந்த ஆய்வாளரும் சொல்லித்தராமலே அவர்கள் வேறுபிரித்துக் கண்டனர்.

ஆயினும் புறக்கணிப்பாளரின் கருத்துநிலை முழுமையானதன்று. தசைனுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட லிம்புகளின் சாசோக் தங்னாம், றாய்களின் சாகேலா, தமாங், குருங், ஷெர்ப்பா மக்களின் லோசார் ஆகியன இன்று நகரத் திடல்களிற் பெருந்திரளாகக் கொண்டாடப்படுகின்றன. சில அரச விடுமுறைகளும் ஆகியுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு மொழியும் சடங்குமுறையும் உடைய றாய் மக்களின் விழா ஒரே சீருடை, ஒரே மேடை, ஒரே ஆட்டம் எனச் சுருங்கும்போது, பஞ்சாயத்து அரசு நாட்டுக்குச் செய்ததை இனத்தலைமை தன் இனத்துக்குச் செய்கின்றதோ என ஐயுற வேண்டியுள்ளது. இனக்குழுவினுள் நிலமுள்ளோரும் நிலமற்றோரும் உளர் என்பது மேடையிற் பேசப்படுவதில்லை. தமாயும் காமியும் சார்க்கியும் பழைய பொதுவிழாவிலும் புறத்தே நின்றனர். புதிய இனவிழாக்களிலும் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

பிஸ்டா 1991இல் வெளியிட்ட 'விதிநம்பிக்கையும் அபிவிருத்தியும்' என்னும் நூலினையும் இங்கு நோக்கல் தகும். விதியை நம்பியிருத்தல், மேலோரை அண்டி முகத்துதி செய்தல், தன்னவருக்கே சலுகை காட்டுதல் ஆகியவற்றை நேபாளத்தின் பின்னடைவுக்குக் காரணமாகக் கண்டு, அவற்றின் மூலத்தைப் பிராமணியக் கருத்துநிலையில் அவர் தேடினார். தாமே உயர்சாதியிற் பிறந்த ஒருவர் இத்துணைத் துணிவோடு எழுதியமை போற்றற்குரியது. ஆனால் கருத்துநிலையைக் கருத்துநிலையாலேயே விளக்குவது அந்நூலின் குறைபாடு. குடியானவன் தலைவன் வாயிலிற் காத்துநின்றமைக்கு விதிநம்பிக்கையைவிட அடைமானச் சீட்டு வலுவான காரணம். பிஸ்டா தீட்டிய சித்திரத்துடன் கப்லனும் றெக்மியும் காட்டிய நிலத்தினைப் பொருத்தினாலன்றி ஆய்வு நிறைவுறாது.

7

2008இல் நேபாளம் குடியரசாயிற்று. விசயதசமியன்று அரசன் இட்ட டீக்காவை இப்போது சனாதிபதி இடுகின்றார். 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நாட்டை மதச்சார்பற்றதெனக் கூறினும், தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் பாதுகாத்தல் என அதற்குப் பொருள் விரிக்கின்றது. முடி நீங்கியபின்னும் சடங்கின் வடிவம் நிலைபெறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிராமத்திலோ வேறொரு மாற்றம் நிகழ்கின்றது. 2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட நேபாளியர் நாட்டுக்கு வெளியே உள்ளனர். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் உழைப்போர் அனுப்பும் பணத்தை உள்ளடக்கிய வெளிநாட்டு வரவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஏறத்தாழ நாலிலொரு பகுதிக்குச் சமமாகின்றது. அடைமானத்தில் நிலத்தை இழந்த குடும்பம் அப்பணத்தாற் கடனிலிருந்து மீளவும், கூலி பேசும் வலிமை பெறவும் வாய்ப்புண்டு. அதேவேளை இளைஞர் இல்லாத ஊரில் உழைப்பு மாற்றுமுறை தளர்கின்றது, வயல்கள் தரிசாகின்றன, ஊஞ்சலுக்கு மூங்கில் வெட்டி வரவும் ஆளில்லை. மேலோர்க்கு அடங்கி நின்ற உறவினை உடைக்கும் அதே பணம், சமனாக நின்ற உறவினையும் அரித்துச் செல்கின்றது. இவ்விரு விளைவுகளையும் ஒருசேர ஆராய்தல் இனிவரும் ஆய்வாளரின் கடன்.

நாம் தொடக்கத்தில் முன்வைத்த அளவுகோலுக்கு மீள்வோம். உழைப்பு மாற்றுக்கு வராதவர் தமக்குரிய உதவிநாளை மட்டுமே இழந்தார். ஆவணிப் பௌர்ணமியிற் பூணூல் மாற்றாதவர் எதனையும் இழக்கவில்லை. தலைவன் வீட்டு டீக்காவுக்குச் செல்லாதவரோ நிலத்தையும் ஆதரவையும் இழக்க நேரிடும் என அஞ்சினார். இசைக்க மறுக்கும் தமாய் ஆண்டு முழுவதுக்குமான தானியத்தை இழக்கக்கூடியவராயிருந்தார். இவையனைத்தையும் 'கிராம ஒற்றுமை' என்ற ஒரே பெயரால் அழைப்பது ஆய்வாகாது. மறுப்பவரும் ஊரவராகவே தொடர்ந்து வாழக்கூடிய இடத்தில் மட்டுமே பங்குகொள்பவரின் மகிழ்ச்சியை நாம் ஐயமின்றி நம்பலாம். அத்தகைய கிராமத்தை ஆக்குவது விழாக் குழுக்களின் பணியாக மட்டும் இருக்கமுடியாது. நிலம், கூலி, கடன் ஆகியவற்றின் உறவுகளை மாற்றும் பணியோடு அது பிணைந்துள்ளது. அவ்வுறவுகள் மாறும்போது தமாய் தமது குழலை முற்றத்தில் வைத்துவிட்டு வீட்டினுள் நுழைந்து விருந்துண்பார். விரும்பினால், அன்று இசைக்காமலும் இருப்பார்.